சமையலறை வரைக்கும் கேட்டது

மறுபடியும் அந்தச் சத்தம், அக்கா.

தீப்பெட்டிக்குள் ஒரு வண்டைப் பிடித்துப் போட்டு மூடி, காதருகில் வைத்தால் வருமே, அது மாதிரி. ங்ங்ங் என்று ஓடும். நின்றுவிடும். அப்பாடா என்று நான் தலையைச் சாய்க்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். பகலில் தெருச்சத்தத்தில் தெரியாது. விளக்கெல்லாம் அணைந்த பிறகுதான். முன்னறைச் சுவரில் இருக்கிற மீட்டர் பலகையிலிருந்து வருகிறது. அதற்கு நாலடி தள்ளிப் பாய் விரித்து என் வீட்டுக்காரர் கெல்வின் தூங்குகிறார். பாட்டுப் பாடுகிறவர் வாயைத் திறக்கும்போது உதடு பிரிகிற சத்தம்கூட அவருக்குக் கேட்கும். இது கேட்காது.

என் பெயர் ஜெனோவா. தூத்துக்குடி. அது உங்களுக்கே தெரியும், தெரிந்துதானே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று தடவை கேட்டேன், பூங்கோதை அக்கா. “ஏனுங் கண்ணு, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரரு வர்ற ஞாயித்துக்கெழமை மெயின் பீஸ் கட்டையில வெள்ளிக் கம்பி போடறேன்னு நிக்கறாருங். கீழ குடோன் பூராவும் எங்க பெட்ஷீட்டு. மேல நாங்க, கொழந்தைங்க. பயமா இருக்குதுன்னு சொன்னா, ‘தூத்துக்குடி மேடத்துக்குச் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுதாமா, உனக்கென்ன காது செவுடா’ங்கறாரு. நெசமாலுமே உங்களுக்குக் கேட்டுதுங்ளா? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசி அனுப்பினால் குட்டி எழுந்துவிடுவாள். ஒன்பது மாதம், பல் முளைக்கிறது. அதனால் பழைய நோட்டில் எழுதுகிறேன், காலையில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கவலைப்படாதீர்கள். கான்வென்டில் அடித்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் என் தப்பு எதுவும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம் என்று அம்மா விசாரித்தாள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, துறைமுகத்தில் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கேட்பார். “பாட்டுத்தான கேக்காரு, கேட்டுட்டுப் போறாரு. தங்கமான பிள்ளை” என்றாள் அம்மா. அவர் பாட்டுக் கேட்கமாட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பாட்டில் நாற்பது விநாடி கேட்பார். அதே நாற்பது விநாடி. ஒரு புல்லாங்குழல், அதன்மேல் ஒரு பெண் குரல், அப்புறம் எங்கோ தூரத்தில் ஒரு மணி. அந்தப் பெண் அடுத்த வரியில் என்ன பாடுகிறாள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் சோபா கிடையாது. ஆம்பிளிஃபயர் உண்டு, சி.டி. பிளேயர் உண்டு, ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் உண்டு. நடுவில் ஒரு நாற்காலி. அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறார். பெருக்கும்போது அதை அழித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், நான் எதற்கு விளக்க வேண்டும்.

போன ஆனியில்தான் இந்த ஃபியூஸ் வந்தது. ஆம்பிளிஃபயரின் முதுகில், கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. கரண்ட் அளவுக்கு மீறி வந்தால் அது எரிந்து தான் செத்துப் பெட்டியைக் காப்பாற்றும். அவ்வளவுதான் அதன் ஜோலி. எலக்ட்ரிக் கடையில் சில்லறைக்குப் பதிலாகக்கூடக் கொடுப்பார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து வேறொன்று வரவழைத்தார். வெல்வெட் பெட்டியில் வந்தது, அக்கா. என் கல்யாண மோதிரம் வந்த பெட்டியைவிட நல்ல பெட்டி. விலையை நான் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தே பயந்துவிட்டேன்.

அந்த ஃபியூஸில் அம்புக்குறி போட்டிருக்கிறது. இந்தப் பக்கமாகத்தான் மாட்ட வேண்டுமாம், திருப்பி மாட்டினால் பாடுகிறவர் இரண்டடி பின்னால் போய் நிற்பாராம். நான் ப்ளஸ் டூவில் இயற்பியலில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“வீட்டுக்கு வர்ற கரண்ட் விநாடிக்கு அம்பது தடவை போயிட்டுப் போயிட்டு வருதுங்க. அதுக்கு எதுக்கு அம்புக்குறி?” என்றேன்.

“நீ மார்க் வாங்குனவ, ஜெனோ. நான் கேக்குறவன்” என்றார்.

எவ்வளவு அடக்கமான மனிதர் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன். அது உண்மை. குட்டி பிறந்து ஏழு வாரம். ஆபரேஷன் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு அடுப்பில் பால், மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி, தொட்டிலில் குட்டி வீல் என்று கத்துகிறாள். முன்னறையிலிருந்து இவர் சத்தம் போட்டார்: “ஜெனோ! மாத்திட்டேன்! இப்பத் தெரியுதா?”

“தெரியுது, தெரியுது!” என்றேன். வேறு என்ன சொல்வது? தெரியவில்லை என்றால் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைப்பார். பால் பொங்கிவிடும்.

பாட்டு நின்றது. சமையலறை வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருக்கிறது.

“மிக்ஸி ஓடும்போதேவா, ஜெனோ?”

நான் மிக்ஸியைப் பார்த்தேன், பாலைப் பார்த்தேன். “மிக்ஸியையும் மீறித்தாங்க வந்துச்சு” என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேராகப் போய்த் தொட்டிலிலிருந்து குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் நடந்தார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் தலைக்குக் குளித்தேன், அக்கா. ஏழு வாரத்தில் முதல் தடவையாக, கதவைத் திறந்து வைக்காமல், குழந்தை அழுகிறாளா என்று காது கொடுக்காமல்.

நான் ஈரத்தலையோடு வருவதற்குள், நம் வீட்டுக்காரர்கள் கிடக்கிற அந்த ஆடியோ வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டார். “என் மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. அவளுக்கே சமையலறை வரைக்கும், அதுவும் மிக்ஸி ஓடும்போதே, வித்தியாசம் கேட்டது.” அவ்வளவுதான். இருநூற்றுப் பதினாலு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். எனக்கு அதிலெல்லாம் ஒரு பெருமையும் இல்லை. சும்மா எண்ணிப் பார்த்தேன்.

ஆண்கள் சொன்னால் அவர்களுக்குள் நம்பமாட்டார்கள் போலிருக்கிறது. பெண்டாட்டி, அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்த பெண்டாட்டி சொன்னால் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. வீட்டில் வேறு எந்த விஷயத்துக்காவது நம்மிடம் கேட்கிறார்களா?

அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபியூஸ். சி.டி. பிளேயருக்கு ஒன்று. அதற்குள் இருக்கிற இன்னொரு குட்டிப் பலகைக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் நாற்காலி, சாக்பீஸ் வட்டம், நாற்பது விநாடி. முதலில் பழசு, அப்புறம் புதுசு. “என்ன தோணுது?”

கான்வென்டில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தது சிஸ்டர் எமரென்ஷியா. ‘நல்லா இருக்கு’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். நல்லா இருக்கு என்கிறவள் சோம்பேறி, எது மாதிரி நல்லா இருக்கு என்று எழுது என்பார். நான் அவருடைய செல்லப் பிள்ளை. மூன்று வருஷம் தொடர்ந்து கட்டுரைப் பரிசு. அந்தப் பழக்கம் போகுமா? அதனால் இரண்டாவது ஃபியூஸுக்கு, “ஜன்னல்ல ரொம்ப நாளா தொங்குன திரையைத் துவைக்கப் போட்ட மாதிரி இருக்கு” என்றேன். மூன்றாவதுக்கு, “கடல் பின்வாங்குன ஈர மணல்ல கால் வைக்கிற மாதிரி, அழுத்தமா, ஆனா மெத்துனு” என்றேன். எல்லாம் குழுவில் போயிற்று. மஸ்கட்டிலிருந்து ஒருவர், “மேடம் என்ன சொன்னாங்க என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஆர்டர் போடுவேன்” என்று எழுதினார். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில், “கொஞ்சம் மந்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் மூன்று ஃபியூஸைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். பாவம்.

ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் குட்டியை வைத்துக்கொள்வார். உவமை நன்றாக இருந்தால் கால் மணி நேரம்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதுகூட யோசித்துப் பார்த்தேன். சாமியாரிடம் சொல்கிற மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. பத்துக் கட்டளையில் ஃபியூஸைப் பற்றி ஒன்றும் இல்லை.

புது ஃபியூஸுக்கு இன்னொரு உபசாரம் உண்டு, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அதைப் பழகவிட வேண்டும். இருநூறு மணி நேரம் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரி பகலாக, மெதுவாகவாவது. அதுவரை அது கூச்சப்படுமாம், தன்னை முழுதாகக் காட்டாதாம். அந்த இருநூறு மணி நேரமும் மிக்ஸி போடக்கூடாது, இஸ்திரிப் பெட்டி போடக்கூடாது, கரண்ட் அழுக்காகிவிடும். நான் அம்மியில் அரைத்தேன். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்த எனக்கு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கொடுத்தார்கள். ஒரு துண்டுக் கம்பிக்கு எட்டு நாளுக்கு மேல் ஓய்வு. நான்தான் வெல்வெட் பெட்டியில் வரவில்லை.

இப்போதுதான் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

நாலாவது ஃபியூஸ் வெள்ளிக் கம்பி போட்டது. அன்றைக்குக் குட்டி விடியவிடியத் தூங்கவில்லை, நானும்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சொருகிக்கொண்டு போகிறது. அந்த நாற்பது விநாடி. தூரத்து மணி. “என்ன தோணுது, ஜெனோ?” என்றார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, “வெள்ளிக் கொலுசு போட்ட குழந்தை அடுத்த ரூம்ல நடக்குற மாதிரி இருக்குங்க” என்றேன்.

அது ஒரு உவமை, அக்கா. யாராவது உவமையை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போவார்களா?

இவர் போனார்.

ஆம்பிளிஃபயருக்குள் எல்லாம் சுத்தமாக இருந்து என்ன, வீட்டு வாசலிலேயே கரண்ட் அழுக்குக் கம்பி வழியாக நுழைந்தால் என்று குழுவில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு வாடகை வீடு, பழைய காலத்து வயரிங். மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டை இருக்கிறதே, அதில் இரண்டு திருகாணிக்கு நடுவில் மெல்லிசாக ஒரு ஈயம் பூசின செம்புக் கம்பி இருக்கும். இடி மின்னலுக்கு அது எரிந்து போகும், “பீஸ் போயிருச்சு” என்போம், புதுக் கம்பி சுற்றிப் போடுவோம். இவர் அதைப் பிடுங்கினார். வெள்ளிக் கம்பி, மூன்று இழையாக முறுக்கி, நகத்தடிமனுக்கு. இவ்வளவு தடிமன் வெள்ளி பழக இருநூறு போதாதாம், எழுநூறு மணி நேரமாம். போட்டுவிட்டு அன்றைக்கே குழுவில், “வாசலிலிருந்தே வெள்ளி” என்று படம் போட்டார். அதைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் சாருக்கு உறக்கம் போயிருக்கிறது.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பெட்டி எதுவும் வரவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது குட்டிக்குக் கொலுசு மாட்டலாம் என்று டப்பாவைத் திறக்கிறேன், ஒன்றுதான் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு என் அம்மா போட்ட கொலுசு. சலங்கை வைத்தது.

“ஏங்க, இன்னொரு கொலுசைப் பாத்தீங்களா?”

“அது வந்து…” என்று ஷூ லேஸைக் கட்டினார். கட்டினதையே அவிழ்த்து மறுபடி கட்டினார். “சும்மாதான கிடந்துது, ஜெனோ. ஆசாரிட்ட குடுத்து உருக்கிச் சுத்தம் பண்ணிக் கம்பி இழுத்தேன். சொக்க வெள்ளி. கடைல கிடைக்காது.”

“குட்டியோட கொலுசுங்க அது!”

“நீதான சொன்ன.”

“நான் என்ன சொன்னேன்?”

“கொலுசு மாதிரி இருக்குன்னு. அப்பவே எனக்குத் தோணிப்போச்சு.” அப்புறம், ஏதோ எனக்குச் சலுகை காட்டுகிற மாதிரி, “இன்னொன்ன அப்பிடியே வச்சிரு. நியூட்ரல் கம்பிக்கு வேணும்” என்றார்.

நான் பூசையில் முழங்காலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. நற்கருணைக்குக்கூடப் போகாததைப் பார்த்து மாமியார், “உடம்புக்கு முடியலையாட்டி?” என்றார். குழந்தையின் கால் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் இந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பயம் எனக்குப் பழக்கம்தான், அக்கா. மறைக்கவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம். மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. பலகைப் பக்கத்தில் போனால் சூடான ஒரு வாடை, பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்த மாதிரி. மூன்று வாரமாகப் படுக்கையறைக் கதவைத் தாழ் போடுவதில்லை. திடீரென்று தீப்பிடித்தால் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கதவோரம் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், இரண்டு லங்கோடு, தீர்த்தத் தண்ணீர். கதவு இரவெல்லாம் காற்றில் ஆடும், நானும் கூடவே விழித்திருப்பேன்.

அந்தோணியார் படம் ஒன்றைப் பலகைமேல் ஒட்டினேன். வாசலைப் பார்த்து ஒட்ட வேண்டும், அதுதான் முறை. முதலில் தெரியாமல் அடுப்படியைப் பார்த்து ஒட்டிவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. திருப்பி ஒட்டிய பிறகு சத்தம் பாதியாகக் குறைந்தது. இது கற்பனை இல்லை, என் காதால் கேட்டேன்.

இவரிடம் சொன்னேன். “பலகைல சத்தம் வருதுங்க.”

வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஒண்ணும் இல்லையே. உனக்கு எப்பவும் ஒரு பயம், ஜெனோ” என்றார். குட்டி அழுகிறதே இவர் காதுக்கு எட்டாதபோது, வண்டா எட்டும்?

போன புதன்கிழமை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று வயர்மேன் மிக்கேல் அண்ணன் வந்தார். மோட்டாரைப் பார்த்துவிட்டு மெயின் பலகையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

“என்ன சார் இது, வெள்ளி மாதிரி மின்னுது?”

“வெள்ளிதான்” என்றார் இவர், பெருமையாக.

“பூசைக்கு வைக்கிறதா?”

“இல்லண்ணே, ஃபியூஸ்.”

மிக்கேல் அண்ணன் டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டார். “சார், இது பீஸ் இல்ல, பாலம். பீஸுனா சாகுறதுக்குன்னே பொறந்தது. ஆபத்து வந்தா அது முதல்ல போகணும், அப்பத்தான் வீடு நிக்கும். நீங்க போட்டிருக்கிறது எதுக்கும் போகாது. மத்ததெல்லாம் போன பிறகும் இது நிக்கும்.” பீங்கானைக் காட்டினார். “கம்பி தடிமன், திருகாணில உக்காரவே இல்ல. லூஸ் காண்டாக்ட்டு. பாருங்க, ஓரமெல்லாம் கறுத்துப்போச்சு. இப்பவே நல்ல கம்பி போட்டுத் தாரேன், ரெண்டு நிமிஷம்.”

“தொடாதீங்கண்ணே! பழகிட்டிருக்கு.”

“என்னது பழகுது?”

இவர் விளக்கினார். மிக்கேல் அண்ணன் முழுவதையும் கேட்டார். முப்பது வருஷமாக வயரிங் செய்கிற மனிதர், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வெளியே செருப்பைப் போடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா சார் கேப்பாரு.”

நான் சொன்னால் கேட்பாராம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சொல்லி எது நடந்திருக்கிறது?

அவர் போனதும் இவர், “பாவம், நல்ல மனுஷன். காது கிடையாது” என்றார்.

ஆனாலும் அண்ணன் சொன்னது மனதில் கிடந்தது. ஒரு யோசனை செய்தேன். அன்றைக்கே நானாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நானாக! அவருக்கு ஒரே சந்தோஷம். நாற்பது விநாடி முடிந்ததும் சொன்னேன்: “நல்லா இல்லைங்க. அந்த வெள்ளி போட்டதுலேர்ந்து எல்லாம் கரகரங்குது. காஞ்ச சருகுல நடக்குற மாதிரி. பழைய கம்பியே தேவலாம்.”

இதுவரை நான் சொன்னதிலேயே யோசித்துச் சொன்ன உவமை அது. முகம் சுருங்கும், பலகையைத் திறப்பார் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்குத் தெரியுது பாத்தியா! அதான் ஜெனோ. இன்னும் பழகல. இன்னும் நூத்துச் சொச்சம் மணி நேரம் இருக்கு. அப்புறம் பாரு.”

நன்றாக இருக்கிறது என்றால் வெள்ளியின் மகிமை. நன்றாக இல்லை என்றால் இன்னும் பழகவில்லை. இதிலிருந்து எப்படி வெளியே வருவது, நீங்களே சொல்லுங்கள். குழுவிலும் போட்டுவிட்டார்: “என் மனைவியின் காதுக்குப் பழகாத வெள்ளிகூடத் தனியாகத் தெரிகிறது.” நூற்றுத் தொண்ணூறு கட்டைவிரல். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அப்புறம் இன்றைக்கு உங்கள் மெசேஜ். உங்கள் பின்னால் ஒரு குழந்தை, “அம்மா, யாருகிட்டப் பேசற?” என்று கேட்கிறது. நீங்கள், “தூத்துக்குடி அத்தைகிட்டச் சாமி” என்கிறீர்கள். அந்த இடத்தைத்தான் மூன்று தடவை கேட்டேன். நான் எப்போது உங்கள் குழந்தைக்கு அத்தையானேன்? கரூரில் ஒரு குடோன் நிறையப் பெட்ஷீட், அதன்மேல் ஒரு வீடு, அதில் ஒரு குழந்தை. நான் அரைத்துக்கொண்டிருந்ததோ சட்னி.

சரி. எவ்வளவு நேரம்தான் சுற்றிச் சுற்றி எழுதுவது?

கேட்கவில்லை, அக்கா. சமையலறை வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸி மட்டும்தான் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபோதும் கேட்கவில்லை. திரையும் இல்லை, ஈர மணலும் இல்லை, கொலுசும் இல்லை. எல்லாம் குளிக்கப் போவதற்காகச் சொன்னது. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். குழுவில் போட்டாலும் சரி. தூத்துக்குடி மேடத்துக்குக் காதே கிடையாது என்று அவர் எழுதட்டும். பீஸ் கட்டையில் கை வைக்கவிடாதீர்கள். கேட்கவில்லையென்றால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், ஆனால் கேட்பார்.

(அந்த மூன்றாவது ஃபியூஸில் மட்டும், உண்மையைச் சொன்னால், என்னவோ ஒன்று… விடுங்கள். தூக்கக் கலக்கமாகத்தான் இருக்கும்.)

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மூடினதும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. உங்களுக்கு இவ்வளவு தைரியமாகப் புத்தி சொல்லிவிட்டு, நான் இங்கே பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது.

எழுந்து போனேன். இப்போது திரும்பி வந்து போன் வெளிச்சத்தில் மீதியை எழுதுகிறேன். வரி கோணுகிறது, கையெழுத்தை மன்னியுங்கள்.

ஆம்பிளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்தப் புல்லாங்குழல் எறும்பு ஊர்கிற சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, வெள்ளியைப் பழக்குகிறது. இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். தாண்டிக்கொண்டு போனேன். எனக்குக் கரண்ட் என்றால் சுவிட்ச் போடவே பயம், உங்களுக்குத் தெரியாது. முதலில் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். டப் என்று பெரிய சத்தம். எல்லாம் நின்றது: ஃபேன், புல்லாங்குழல், சிவப்பு விளக்கு, வண்டு. குட்டியின் உலர்ந்த லங்கோட்டை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு பீஸ் கட்டையைப் பிடித்தேன். துணிக்கு மேலேயே சுட்டது. அந்தோணியாரே என்று இழுத்தேன். வந்துவிட்டது. இட்லித் தட்டிலிருந்து எடுத்தது மாதிரிச் சூடு.

படுக்கையறைக்குள் வந்துவிட்டேன். ஃபேன் நின்றதில் இவர் எழுந்துவிட்டார். குட்டி அழுது எழாதவர்.

“ஜெனோ? கரண்ட் போயிருச்சா?”

“போகல. எடுத்துட்டேன்.”

“எத?”

“கொலுச.”

இருட்டில் தட்டுத் தடுமாறி வருவது கேட்டது. நாற்காலியில் இடித்துக்கொண்டார். வாசலில் வந்து நின்றார். முகம் தெரியவில்லை.

“இன்னும் முப்பது மணி நேரந்தான் ஜெனோ பாக்கி…” என்றார். அழுகிற மாதிரி இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. குட்டியின் மூச்சு மட்டும் கேட்டது, மூக்கில் கண்ணாடி வைக்காமலே கேட்டது.

அவரும் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன். கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: “என்ன ஒரு அமைதி, ஜெனோ. இத்தனை மாசமா இதத்தான தேடிட்டிருந்தேன். பின்னாடி ஒரு சத்தம்கூட இல்ல பாரு. உனக்குத் தெரியுதா? எது மாதிரி இருக்கு?”

வாய்வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. நல்ல உவமை. இருநூற்றுப் பதினாலைத் தாண்டியிருக்கும்.

சூடு ஆறாத கட்டையைத் துணியோடு தலையணைக்கடியில் வைத்தேன். ஓரத்தில் கட்டிவைத்திருந்த பையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்று வாரமாகப் போடாத தாழ்ப்பாள், உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டேன்.